டீச்சர் எழுதிய ஒன்பதாவது கதை

அன்று காலை ஏழேகால் ஆகியும் டீச்சரின் மேஜைக்குத் தேநீர் வரவில்லை.

பணி ஓய்வு பெற்ற இந்த இரண்டு வருடங்களில் அப்படி ஒருநாள்கூட நடந்ததில்லை. ஆறரைக்கு அவள் ஜன்னலோரம் வந்து உட்காருவாள். சரியாக ஏழு மணிக்கு நாத்தனார் ஓசைப்படாமல் வந்து கோப்பையை வலது கைப்பக்கம் வைத்துவிட்டுப் போவாள். எழுதுகிறவளின் கவனம் கலைந்துவிடக் கூடாது என்று மூச்சைக்கூட அடக்கிக்கொண்டுதான் நடப்பாள். டீச்சர் நிமிர்ந்து பார்த்ததில்லை. கோப்பை வரும், காலியானதும் போகும். சூரியன் உதிப்பதற்கு யார் நன்றி சொல்கிறார்கள்?

ஏழரைக்கு எழுந்து போய்ப் பார்த்தாள். சமையலறையில் எல்லா வேலையும் முடிந்திருந்தது. மதியத்துக்கான சமையல் மூடி வைக்கப்பட்டிருந்தது, மேடை துடைக்கப்பட்டிருந்தது. ஆளைத்தான் காணோம். பின்னறையில் கட்டிலின்மேல் பெட்டியைத் திறந்துவைத்துத் துணிகளை அடுக்கிக்கொண்டிருந்தாள் நாத்தனார். தலையணைக்குப் பக்கத்தில் டீச்சரின் புதுக் கதை வந்திருந்த வார இதழ் கிடந்தது.

டீச்சர் அதைப் பார்க்காதவள்போல் நிலைப்படியில் நின்றாள்.

"எங்க கெளம்பிட்டீங்க அண்ணி?"

"உன் பொண்ணு வீட்டுக்கு. அவளுக்கு எட்டாம் மாசம் தொடங்கியாச்சு. கூட ஒரு ஆள் இருந்தா நல்லதுன்னு சொல்லிட்டே இருந்தா."

"அதுக்கு இன்னும் நாள் இருக்கே…"

"இருக்கு" என்றாள் நாத்தனார். ஒரு ரவிக்கையை உதறி மறுபடி மடித்தாள். "டீ ஃப்ளாஸ்க்ல இருக்கு. ஊத்திக்கோ."

ஊத்திக்கோ. அவ்வளவுதான். முப்பத்தைந்து வருடத்தில் அந்த வார்த்தையை அவள் வாயிலிருந்து டீச்சர் கேட்டதே இல்லை. நாலு வார்த்தை திட்டியிருந்தால் பதிலுக்கு ஏதாவது சொல்லியிருக்கலாம்.

டீச்சர் எழுத்தாளர் ஆனது ஒரு விபத்து மாதிரிதான். முப்பத்திரண்டு வருடம் நடுநிலைப் பள்ளியில் மொழிப்பாடம் நடத்தியவள். ஓய்வு பெற்ற மறுநாளும் காலையில் குளித்து, உடுத்தி, கைப்பையை மாட்டிக்கொண்டு வாசல்வரை போய்விட்டுத் திரும்பி வந்தாள். பிறகு பொழுது போகாமல் செய்தித்தாளை எடுத்துவைத்துச் சிவப்புப் பேனாவால் பிழை திருத்த ஆரம்பித்தாள். ஒற்றுப் பிழைக்கு அரை மதிப்பெண் குறைப்பு. அவள் கணவர் ஓய்வுபெற்ற பஸ் கண்டக்டர், நகைச்சுவை உள்ளவர். தினமும் பேப்பர்காரனைப் பெயிலாக்குவதைவிட நீயே ஒன்று எழுதிப் பாஸாகிக் காட்டேன் என்று அவர் சொன்னது வேடிக்கைக்குத்தான். அவள் எழுதிவிட்டாள்.

முதல் இரண்டும் திரும்பி வந்தன. மூன்றாவது, தினமும் தாமதமாக வரும் ஒரு மாணவியைப் பற்றியது, வார இதழில் வெளிவந்தது. அன்று வீட்டில் அதை முதலில் படித்தது நாத்தனார்தான். பத்தாவது வரை படித்தவள். கண்ணாடியைப் போட்டுக்கொண்டு அடுப்படி வெளிச்சத்தில் நின்றபடியே படித்து முடித்தாள். நல்லாயிருக்கு, ஆனால் அந்தப் பெண் அழுகிற இடத்தைச் சீக்கிரம் முடித்துவிட்டாய் என்றாள். டீச்சர் சிரித்துக்கொண்டு சரி சரி என்று போய்விட்டாள். ஒரு வாரம் கழித்துப் பத்திரிகை ஆசிரியர் தொலைபேசியில் அதையேதான் சொன்னார். அவர் சொன்னபோது குறித்துவைத்துக்கொண்டாள்.

அந்த ஆசிரியருக்கு இவள் கதைகள் பிடித்துப்போயின. முப்பத்திரண்டு வருடம் ஆசிரியராக இருந்தவளைத் திருத்த இப்போது ஒரு ஆசிரியர் கிடைத்துவிட்டார் என்று கண்டக்டர் கேலி செய்வார். எட்டுக் கதைகள் அச்சில் வந்தன, எல்லாம் பள்ளிக்கூடக் கதைகள். எட்டாவதுக்குப் பிறகு ஆசிரியர், மணியடித்தாகிவிட்டது டீச்சர், பள்ளிக்கூடத்தைப் பூட்டிவிட்டு வீட்டுக்குள் வாருங்கள், கொஞ்சம் சிரிக்க வையுங்கள் என்றார்.

அப்படி எழுதி அச்சில் வந்ததுதான் ஒன்பதாவது கதை. தலைப்பு, 'மூக்கால் பேசிய மாப்பிள்ளை'.

அது அந்த வீட்டின் பழைய சிரிப்பு. நாத்தனாருக்கு முப்பத்தொரு வயதாக இருந்தபோது ஒரு நில அளவையாளர் அவளைக் கேட்டு வந்தார். எல்லோருக்கும் பிடித்திருந்தது. அவளும் தலையாட்டினாள். தேதி பார்க்கிற நேரத்தில் திடீரென்று வேண்டாம் என்றுவிட்டாள். ஏன் என்றதற்கு, "மூக்கால பேசறார், காலம் பூரா எப்படிக் கேக்கறது?" என்றாளாம். விருந்தாளிகள் வரும்போதெல்லாம் டீச்சர் அதைச் சொல்வாள், மூக்கைப் பிடித்துக்கொண்டு பேசிக் காட்டுவாள். கூடம் முழுக்கச் சிரிக்கும். சமையலறையிலிருந்து நாத்தனாரின் சிரிப்பும் கேட்கும்.

கதையில் டீச்சர் அதற்கு மேலும் ஒரு படி போயிருந்தாள். அந்தப் பெண்ணுக்கு மாப்பிள்ளையின் மூக்கு ஒரு சாக்குத்தான். தம்பி வீட்டு அதிகாரத்தை விட்டுப் போக மனசில்லை என்று எழுதியிருந்தாள். 'அவள் சாவிக்கொத்தையே புருஷனாகக் கட்டிக்கொண்டவள்' என்று ஒரு வரி. அந்த வரியை எடுத்துக்காட்டி வாசகர் கடிதங்கள் குவிந்தன. எல்லார் வீட்டிலும் இப்படி ஒருத்தி இருக்கிறாள் என்று எழுதியிருந்தார்கள். ஒன்பது கதைகளையும் சேர்த்துப் புத்தகமாகப் போடலாம், இந்தத் தலைப்பையே புத்தகத்துக்கு வைக்கலாம் என்றார் ஆசிரியர்.

தெரியாமல் எழுதிவிட்டேன் என்று டீச்சரால் சொல்ல முடியாது. எட்டுக் கதை வந்த இதழ்களையும் கூடத்து மேஜையில் எல்லோர் கண்ணிலும் படும்படி போட்டுவைத்தவள், ஒன்பதாவதை மட்டும் இழுப்பறைக்குள் வைத்துப் பூட்டினாள். தப்பில்லை என்றால் எதற்குப் பூட்டு? ஆனால் பூட்டி என்ன பயன்… பக்கத்து வீட்டுத் தையல்காரம்மா பெருமையோடு தன் பிரதியைக் கொண்டுவந்து நாத்தனார் கையிலேயே கொடுத்துவிட்டாள்.

கண்டக்டர் அக்காவின் பெட்டியைத் தூக்கிக்கொண்டு பஸ் நிலையத்துக்குப் போனார். அவர் திரும்பி வருவதற்குள் டீச்சர் தன் பக்கத்து வாதங்களை வரிசையாகத் தயார் செய்துவைத்திருந்தாள். பெயரை மாற்றியிருக்கிறேன், ஊரை மாற்றியிருக்கிறேன், எழுதுகிறவர்கள் எல்லோரும் வீட்டிலிருந்துதான் எடுக்கிறார்கள், கதையைக் கதையாகப் பார்க்கத் தெரியாவிட்டால் நான் என்ன செய்வது… அவர் வந்ததும் அத்தனையும் கொட்டினாள்.

கண்டக்டர் எல்லாவற்றையும் கேட்டுக்கொண்டார். சாப்பிட உட்கார்ந்தவர் தட்டைத் தள்ளி வைத்துவிட்டுச் சொன்னார்.

"அந்த ஆளு மூக்கால பேசல."

டீச்சருக்குப் புரியவில்லை.

"அக்கா என்கிட்ட சத்தியம் வாங்கியிருந்தா. இன்னைக்கு அதை மீறப் போறேன். மீறலேன்னா நான் மனுஷனே இல்ல."

அவர் சொன்னது இதுதான். அந்த வருடம் டீச்சருக்குப் பள்ளிக்கூட வேலைக்கான உத்தரவு வந்திருந்தது. முப்பது நாளில் சேராவிட்டால் அந்த இடம் அடுத்தவருக்குப் போய்விடும். குழந்தை குறைமாதத்தில் பிறந்து, ஏழு மாதமாகியும் மூச்சுத் திணறலோடு கிடந்தது. மாமியார் பக்கவாதத்தில் படுத்த படுக்கை. அந்த நேரத்தில்தான் ஒருநாள் மதியம் நில அளவையாளர் இவருடைய பஸ்ஸில் ஏறினார். கடைசி நிறுத்தம் வந்தும் இறங்கவில்லை. எல்லோரும் இறங்கிய பிறகு, உங்க அக்காவுக்கு நான் என்ன குறை வைத்தேன் என்று கேட்டார். முந்தின நாள் அக்காவே அவருடைய அலுவலகத்துக்குப் போயிருக்கிறாள். தம்பி மனைவிக்கு வேலை கிடைத்திருக்கிறது, குழந்தையையும் அம்மாவையும் பார்க்க வேறு ஆள் இல்லை, காத்திருக்க முடியுமா என்று கேட்டிருக்கிறாள். அவருக்கு வெளியூர் மாற்றல் வந்திருந்தது. ஒரு வருடம் காத்திருக்கிறேன் என்றிருக்கிறார். ஒரு வருடம் போதாது, அதனால் காத்திருக்க வேண்டாம் என்று சொல்லிவிட்டு வந்துவிட்டாள். இதைச் சொல்லும்போது அவர் அழுதுவிட்டாராம், காலி பஸ்ஸில், கம்பியைப் பிடித்துக்கொண்டு.

"வீட்டுக்கு வந்து அக்காகிட்ட கேட்டேன். உன் பொண்டாட்டிக்குத் தெரிஞ்சா வேலைக்குப் போகமாட்டா, போனாலும் நிம்மதியா போகமாட்டா, நான் மூக்குன்னு சொல்லிட்டேன், நீயும் அதையே சொல்லுன்னா. சொன்னேன்." அவர் தள்ளிவைத்த தட்டில் கையைக் கழுவினார். "சத்தியத்துக்காக மட்டும் நான் வாயை மூடிட்டு இருந்தேன்னு நினைக்காத. எனக்கும் அது சௌகரியமா இருந்துச்சு. வீடு நடந்துச்சு. நீ மூக்கைப் பிடிச்சுக்கிட்டுப் பேசிக் காட்டும்போதெல்லாம் நானும் சிரிச்சேன். என்னைவிடப் பாவி யாரு?"

டீச்சர் தயார் செய்துவைத்திருந்த வாதங்களெல்லாம் உதிர்ந்துபோயின. கணவர் சொன்னது மட்டும் காரணமில்லை. அவர் சொல்லாத ஒன்று, அவருக்கே தெரியாத ஒன்று, அவளுக்குள் எழுந்து நின்றது.

அந்த உத்தரவு வந்த நாள்… மாலை ஐந்து மணி இருக்கும். அறைக்குள் கணவரிடம், நான் இந்த வேலை வேண்டாமென்று எழுதிக் கொடுத்துவிடுகிறேன் என்று அழுதாள். அழும்போதே பாதி மூடிய கதவின் அடியில் ஒரு நிழல் வந்து நின்றதைப் பார்த்தாள். அது யாருடைய நிழல் என்று தெரியும். பார்த்த பிறகுதான் அவள் குரல் உயர்ந்தது. என் படிப்பெல்லாம் பாழ், என் தலையெழுத்து இவ்வளவுதான் என்று கதவைத் தாண்டிக் கேட்கிற மாதிரி அழுதாள். நாலைந்து நாளில் மாப்பிள்ளை வேண்டாம் என்று செய்தி வந்தது. மூக்கு என்று காரணம் வந்தது. அவள் அந்தக் காரணத்தை இரண்டு கையாலும் பிடித்துக்கொண்டாள். அதைச் சொல்லிச் சொல்லிச் சிரித்தாள். திரும்பத் திரும்பச் சொன்னால் பொய் மெய்யாகிவிடுமா என்று வகுப்பறையில் எத்தனையோ பிள்ளைகளைக் கண்டித்தவள்!

அன்று சாயங்காலம் மகள் தொலைபேசியில் பேசினாள். அவள் ஒரு பரிசோதனைக் கூடத்தில் வேலை பார்ப்பவள், சுருக்கமாகத்தான் பேசுவாள். அத்தை வந்து சேர்ந்துவிட்டார்கள், வந்ததிலிருந்து ஜன்னல் கண்ணாடிகளைத் துடைத்துக்கொண்டிருக்கிறார்கள் என்றாள்.

"அத்தை எப்ப ஜன்னல் துடைப்பாங்கன்னு உனக்குத் தெரியுமா அம்மா? தெரியாது. எனக்குத் தெரியும். அவங்களுக்கு அழுகை வந்தா ஜன்னல் துடைப்பாங்க. சின்ன வயசுல நம்ம வீட்டு ஜன்னல் எவ்வளவு சுத்தமா இருக்கும், ஞாபகம் இருக்கா?"

டீச்சர் கூடத்து ஜன்னலைத் திரும்பிப் பார்த்தாள்.

"கதையைப் படிச்சேன். நீ என் அம்மாதான். ஆனா காய்ச்சல்ல நான் கூப்பிட்டது அத்தையைத்தான், அது உனக்கும் தெரியும். அது உன் கதையில எந்தப் பக்கத்துலம்மா இருக்கு?"

மகள் வைத்துவிட்டாள். அதற்கடுத்த மூன்று வாரமும் டீச்சர் ஒரு வரிகூட எழுதவில்லை. சமையலறைக்குள் போனால் எந்தப் பாத்திரம் எங்கே இருக்கிறது என்று தெரியவில்லை. தன் வீட்டிலேயே தான் முப்பத்தைந்து வருடமாக விருந்தாளியாக இருந்திருக்கிறோம் என்பது ஒவ்வொரு கரண்டியைத் தேடும்போதும் உறைத்தது. கண்டக்டர் எதை வைத்தாலும் சாப்பிட்டார், குறை சொல்லவில்லை. அவர் குறை சொன்னால் தேவலை என்றிருந்தது அவளுக்கு.

நாலாவது வாரம் பத்திரிகை அலுவலகத்துக்கு நேரில் போனாள். மாடியில் ஒரே அறை, அச்சுப்படிகள் நாற்காலி மேலெல்லாம் கிடந்தன. ஆசிரியர் ஒரு நாற்காலியைக் காலி செய்து கொடுத்துவிட்டு, புத்தகத்தின் மேலட்டை மாதிரியை எடுத்துக் காட்டினார். அவளுடைய எழுத்து வாழ்க்கையின் முதல் புத்தகம். அதை ஒரு நிமிடம் கையில் வைத்துப் பார்த்தாள். பிறகு மேஜைமேல் வைத்துவிட்டு, இந்தக் கதையை எடுத்துவிடுங்கள் என்றாள்.

அவர் முதலில் சிரித்தார். பிறகு, அந்தக் கதை இல்லாமல் புத்தகம் இல்லை டீச்சர், வெறும் பள்ளிக்கூடக் கதைகளை யார் வாங்குவார்கள் என்றார். புத்தகம் வேண்டாம் என்றாள். அது மட்டுமில்லை, கதையில் எழுதியது உண்மையில்லை என்று ஒரு கடிதம் தருகிறேன், சம்பந்தப்பட்டவர் படித்துச் சரி என்றால் அதை இதழில் போட வேண்டும் என்றும் கேட்டாள்.

"எழுதினதுக்கெல்லாம் மன்னிப்பு கேட்க ஆரம்பிச்சா இந்தத் தொழில்ல ஒருத்தரும் மிஞ்சமாட்டாங்க" என்றார் அவர்.

"தப்பான விடைக்கு நூத்துக்கு நூறு போட்டுட்டேன் சார். அடிச்சுத் திருத்தித்தான் ஆகணும்."

ஆசிரியர் மேலட்டையை இழுப்பறைக்குள் வைத்தார். கடிதம் வரட்டும் என்றார்.

மகள் வீட்டுக்கு மூன்று மணி நேரப் பயணம். டீச்சர் தனியாகப் போனாள். கணவர் கூட வருகிறேன் என்றபோது வேண்டாம் என்றுவிட்டாள். மகள் வேலைக்குப் போயிருந்தாள். நாத்தனார்தான் கதவைத் திறந்தாள். வா என்றாள், தண்ணீர் கொடுத்தாள், அவன் எப்படி இருக்கான் என்று தம்பியைப் பற்றி விசாரித்தாள். பிறகு குழந்தைக்காக வாங்கி வைத்திருந்த சின்னத் துணிகளை இஸ்திரி போட உட்கார்ந்துவிட்டாள். கைக்குட்டை அளவு சட்டைகள். டீச்சர் எதிரில் உட்கார்ந்து, ஊரிலிருந்தே மனப்பாடம் செய்துகொண்டு வந்ததையெல்லாம் மறந்துபோனாள்.

"அண்ணி… அவர் எல்லாத்தையும் சொல்லிட்டார்."

"வாய் நிக்காதே அவனுக்கு. பஸ்ல கத்திக் கத்திப் பழக்கம்." இஸ்திரிப் பெட்டி நிற்கவில்லை.

"அவருக்குத் தெரியாத ஒண்ணு இருக்கு. அதைச் சொல்லத்தான் வந்தேன். அன்னைக்கு நான் அழுதப்ப நீங்க கதவுக்கு அந்தப் பக்கம் நின்னீங்க. எனக்குத் தெரியும். தெரிஞ்சுதான் சத்தமா அழுதேன். உங்களுக்குக் கேக்கணும்னுதான் அழுதேன் அண்ணி…"

முப்பத்திநாலு வருடம் தன்னிடம்கூடச் சொல்லிக்கொள்ளாத வார்த்தை அது.

நாத்தனார் பெட்டியை நிமிர்த்தி வைத்தாள்.

"தெரியும்" என்றாள்.

"தெரியுமா?"

"என் நிழல் உள்ள விழுந்துச்சு, நீ அதைப் பார்த்த. அதுக்கப்புறம்தான் உன் குரல் ஏறுச்சு. எனக்கென்ன காது கேக்காதா? அப்புறம் நாலு நாள் உன்கூடப் பேசாம இருந்தேனே, ஞாபகம் இருக்கா?"

"பல்வலின்னு சொன்னீங்க."

"பல்லுக்கு ஒரு கேடும் இல்ல. உன்மேல அவ்வளவு கோவம். உன்னை அறையணும்போல இருந்துச்சு. இந்த வீட்டை விட்டு அந்த மனுஷனோட போயிடணும், எக்கேடாவது கெட்டுப் போங்கன்னு நினைச்சுட்டேன். தேதிகூட மனசுல குறிச்சுட்டேன்." ஒரு சின்னச் சட்டையை எடுத்து மடியில் வைத்துத் தடவினாள். "அஞ்சாம் நாள் மத்தியானம் உன் பொண்ணு மூச்சு விடல. உதடெல்லாம் நீலமாயிடுச்சு. நீ மருந்து வாங்கப் போயிருந்த. தூக்கிட்டு செருப்புகூட இல்லாம ஆஸ்பத்திரிக்கு ஓடினேன். திரும்பி வரும்போது என் தோள்ல தூங்கிட்டு வந்தா. அப்ப முடிவு பண்ணினேன். உனக்காக இல்ல. அதனால நீ பண்ணின தப்புக்கும் நான் விட்டதுக்கும் முடிச்சுப் போட்டு என் கால்ல வந்து விழாத."

டீச்சர் விழத்தான் இருந்தாள். அந்தக் குரல் அவளை நாற்காலியிலேயே நிறுத்தியது.

"அப்ப… கதையைப் படிச்சதும் ஏன் கெளம்பிட்டீங்க?"

நாத்தனார் இஸ்திரிப் பெட்டியின் ஸ்விட்சை அணைத்தாள். பேசியபோது அவள் குரல் முதல்முறையாக உடைந்தது.

"சாவிக்கொத்துன்னு எழுதினியே, அதைக்கூட தாங்கிக்கிட்டேன். சாவி என்கிட்டதானே இருந்துச்சு. ஆனா அவரை எதுக்கு அப்படி எழுதின? அவர் நமக்கு என்ன கெடுதல் பண்ணினார்? நல்ல குரல் அவருக்கு. மெதுவா, ஒவ்வொரு வார்த்தையா யோசிச்சுப் பேசுவார். அப்படிப்பட்டவரை நான்தான் முதல்ல மூக்குன்னு சொன்னேன். வேற பொய் தோணல. நீங்க சிரிச்சப்பெல்லாம், நானும் சேர்ந்து சிரிச்சேனே, அந்தப் பாவத்தை எங்க போய்க் கழுவறது? வீட்டுக்குள்ள இருந்த வரைக்கும் சரி, அவர் காதுக்குப் போகாதுன்னு இருந்தேன். நீ அச்சுல ஏத்திட்ட. எங்கேயாவது உட்கார்ந்து அவர் அதைப் படிச்சிருந்தா… தன்னைப் பத்திதான்னு தெரிஞ்சிருந்தா…"

டீச்சர் எழுந்து பக்கத்தில் போய் நின்றாள். தொடத் துணியவில்லை. தான் செய்த தப்பின் அளவு இப்போதுதான் முழுசாகத் தெரிந்தது. எல்லார் வாயிலும் விழுந்து போனது இவள் ஒருத்தியின் பெயர் என்று நினைத்துக்கொண்டு வந்திருந்தாள். இவள் பத்திரமாக உள்ளே வைத்திருந்த ஒரு மனிதனையும் சேர்த்தல்லவா கோமாளியாக்கிவிட்டோம்…

கைப்பையிலிருந்து கடிதத்தை எடுத்து நீட்டினாள். நீங்கள் சரியென்றால்தான் அனுப்புவேன், வேண்டாமென்றால் இங்கேயே கிழித்துவிடுகிறேன் என்றாள். நாத்தனார் கண்ணைத் துடைத்துக்கொண்டு கண்ணாடியைப் போட்டாள். நின்று நிதானமாக, இரண்டு முறை படித்தாள்.

"பேனா இருக்கா?"

டீச்சர் கொடுத்தாள்.

"'தெய்வம்'னு போட்டிருக்க. அதை அடிக்கிறேன். தெய்வத்துக்குப் பல்வலி வராது. இங்க 'தியாகம்'னு மூணு இடத்துல இருக்கு, மூணையும் அடிக்கிறேன். முதல்ல என்னைப் பேராசைக்காரி ஆக்கின, இப்ப சிலையாக்கப் பாக்குற. நடுவுல இருக்கிற என்னை எப்பதான் பாக்கப் போற நீ?" கடிதத்தின் அடியில் கொஞ்சம் இடம் இருந்தது. அங்கே அவள் தன் கையெழுத்தில், கோணல்மாணலாக, ஒரு வரி சேர்த்தாள். 'அவர் நல்ல மனிதர், நன்றாகவே பேசுவார்.' படித்துப் பார்த்துவிட்டு மடித்துக் கொடுத்தாள். "இதைப் போடச் சொல்லு. மத்ததெல்லாம் இல்லாட்டியும் பரவாயில்ல."

மகள் வரும்வரை டீச்சர் இருந்தாள். மகள் அம்மாவைப் பார்த்துவிட்டு அத்தையைப் பார்த்தாள். அத்தை கண்ணசைத்ததும் ஒன்றும் கேட்கவில்லை. அம்மாவின் பக்கத்தில் வந்து உட்கார்ந்து அவள் கையைத் தூக்கித் தன் வயிற்றின்மேல் வைத்துக்கொண்டாள். உள்ளே குழந்தை ஒரு உதை விட்டது. அந்த உதை தனக்கு வேண்டியதுதான் என்று டீச்சர் நினைத்துக்கொண்டாள்.

பஸ் நிறுத்தம்வரை நாத்தனார் கூடவே வந்தாள். வெயில் இறங்கியிருந்தது. சிமென்ட் பெஞ்சில் இருவரும் உட்கார்ந்தார்கள். எதிர்க் கடையில் யாரோ சைக்கிளுக்குக் காற்றடித்துக்கொண்டிருந்தார்கள்.

"வீட்டுக்கு வந்துடுங்க அண்ணி. குழந்தை பிறந்து, எல்லாம் சரியான பிறகு… எப்ப முடியுமோ அப்ப."

"வரலாம். ஆனா வேலைக்காரியா வரமாட்டேன். விருந்தாளியாவும் வரமாட்டேன்."

"பின்ன எப்படி?"

"எனக்கே தெரியல. இதுவரைக்கும் யாரும் கேட்டதில்லையே, யோசிச்சுப் பாக்க." அவள் முகம் திடீரென்று கோணியது. "ஒரு தடவையாவது நீ கேப்பேன்னு நினைச்சேன். ஏன் வேண்டாம்னு சொன்னீங்க அண்ணின்னு, தனியா, சிரிக்காம, ஒரே ஒரு தடவை. எத்தனையோ பிள்ளைங்ககிட்ட எத்தனையோ கேள்வி கேட்டியே… என்கிட்ட ஒண்ணு கேட்டிருக்கக் கூடாதா?"

முப்பத்திநாலு வருடமாகக் கண்ணாடிகளைத் துடைத்துத் துடைத்து அடக்கியதெல்லாம் பொங்கிக்கொண்டு வந்தது. பாதையில் போகிறவர்கள் திரும்பிப் பார்ப்பதைப் பற்றிக் கவலைப்படாமல் அந்த அறுபத்தைந்து வயதுக்காரி விம்மினாள். டீச்சர் அவளை இழுத்துத் தன்னோடு சேர்த்து அணைத்துக்கொண்டாள். மன்னிச்சிடுங்க என்ற வார்த்தை தொண்டைவரை வந்தது. அது மிகவும் சின்னதாகத் தோன்றியதால் சொல்லாமல் விட்டுவிட்டாள். பிடியை மட்டும் விடவில்லை. நாத்தனாரின் கை மெல்ல எழுந்து, முதலில் தயங்கி, பிறகு டீச்சரின் முதுகில் வந்து அழுந்தியது.

பஸ் வந்து நின்றது. அதன் பெண் கண்டக்டர் எட்டிப் பார்த்து, ஏறுகிறீர்களா இல்லையா என்று கேட்டாள்.

"ஏறு" என்றாள் நாத்தனார், மூக்கை உறிஞ்சிக்கொண்டு. "அவன் பசியோட உட்கார்ந்திருப்பான்."

"இருக்கட்டும்" என்றாள் டீச்சர். "இன்னைக்கு ஒருநாள் தானே சமைச்சுச் சாப்பிடட்டும்."

பஸ் போய்விட்டது. டீச்சர் பெஞ்சில் நன்றாகச் சாய்ந்து உட்கார்ந்துகொண்டு நாத்தனாரின் பக்கம் திரும்பினாள்.

"சொல்லுங்க அண்ணி. அவரை முதல்ல எங்க பாத்தீங்க?"